ஜேடிக்குப் புதிதாக விண்ணப்பிப்பதும் முதலாண்டு முடித்து டிரான்ஸ்ஃபர் ஆவதும்: அமெரிக்க லா ஸ்கூல் பற்றி விவரம் தேவை

தென்னந்தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு பேருக்காகக் கேட்கிறேன்.

அக்கா மகள் கோயம்புத்தூரில் மூன்று வருட பி.காம். முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் ஜேடி (சட்டப் பட்டம்) படிக்க ஆசை. எல்சாட் (லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு) இன்னும் எழுதவில்லை. மார்க்குகளை 3.9 ஜிபிஏவாக "மாற்றித் தருகிறோம்" என்று ஒரு ஏஜென்சி பணம் கேட்கிறதாம். அது தேவையா? மூன்று வருடப் பட்டத்தை ஏற்றுக்கொள்வார்களா?

என் மகன் இங்கே அமெரிக்காவிலேயே, ஏபிஏ (அமெரிக்க வழக்கறிஞர் சங்கம்) அங்கீகாரம் உள்ள ஒரு லா ஸ்கூலில் முதலாண்டு படிக்கிறான். முதல் செமஸ்டரில் 3.5. இதைவிடப் பெரிய ஸ்கூலுக்கு மாற நினைக்கிறான். 3.5 போதுமா, எல்சாட் மறுபடி எழுத வேண்டுமா, இப்போது கிடைக்கும் ஸ்காலர்ஷிப் கூடவே வருமா? எதை எப்போது செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

சார், அக்கா மகள் விஷயத்தை நான் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபர் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

அந்த ஏஜென்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். எல்சாட்டை நடத்தி, விண்ணப்பக் காகிதங்களை லா ஸ்கூல்களுக்கு அனுப்பும் அமைப்பு எல்சாக். இந்தியப் பட்டத்துக்கு அது ஜிபிஏ கணக்கிடுவதே கிடையாது. அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே படித்தது ஓராண்டுக்கு மேல் இருந்தால் எல்சாக்கின் வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) மதிப்பீட்டு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே மார்க்குகளைப் பார்த்து மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற தரங்களில் ஒன்றைப் போட்டு லா ஸ்கூலுக்கு அனுப்புவார்கள். வேறொருவர் மாற்றிக் கொடுத்த 3.9-ஐ யாரும் பார்க்கப் போவதில்லை. ஜிபிஏ கட்டம் காலியாக இருப்பதால் அவளுடைய எல்சாட் ஸ்கோர் மற்றவர்களுடையதைவிட அதிகக் கனம் பெறும். ஏஜென்சிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை எல்சாட் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

எல்லா விண்ணப்பமும் இழுத்தடிப்பது டிரான்ஸ்கிரிப்டில்தான், அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். எல்சாக் இணையதளத்தில் கணக்கு திறந்து, படித்த பல்கலைக்கழகத்தைச் சேர்த்தால் டிரான்ஸ்கிரிப்ட் கோரிக்கைப் படிவம் கிடைக்கும். அதில் அவளுடைய எல்சாக் கணக்கு எண் இருக்கும். ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டுகளின் சான்றளித்த நகல், பட்டச் சான்றிதழ், இந்தப் படிவம் மூன்றும் ஒரே உறைக்குள் போக வேண்டும். உறையை ஒட்டி, ஒட்டிய வாயின் குறுக்கே தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி அலுவலகத்தின் முத்திரையும் கையெழுத்தும் விழ வேண்டும். உறை பல்கலைக்கழகத்திலிருந்து நேராக எல்சாக்குக்குப் போக வேண்டும். வீட்டில் ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டினாலும் அதே கதிதான். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் மார்க் ஷீட் கல்லூரியிலிருந்தும் பட்டம் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரும். அப்படியானால் இரண்டு இடத்திலும் அலைய வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெயர். நம் பிள்ளைகளுக்கு இது தனித் தலைவலி. மார்க் ஷீட்டில் "கவிதா எஸ்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து அப்பா பெயராக நிற்கும். எல்சாக் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போட வேண்டும், ஏனென்றால் எல்சாட் அன்று அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். மார்க் ஷீட்டில் உள்ள வடிவத்தை வேறு பெயர்கள் என்ற இடத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வந்து சேர்ந்த டிரான்ஸ்கிரிப்ட் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

மூன்று வருடப் பட்டம் எல்லா இடத்திலும் தடையாகாது. ஆனால் முடிவு அந்தந்த ஸ்கூலுடையது. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், "இந்தியாவின் மூன்றாண்டு பி.காம். பட்டத்தோடு ஜேடிக்கு விண்ணப்பிக்கலாமா, டோஃபல் வேண்டுமா" என்று ஒவ்வொரு அட்மிஷன் அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்சாட்: 120 முதல் 180 வரை ஸ்கோர். 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் பகுதி கிடையாது, அதனால் பழைய புத்தகம் வாங்கினால் அந்தப் பகுதியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். இப்போது தர்க்கப் பகுதி இரண்டு, வாசிப்புப் பகுதி ஒன்று, இவற்றோடு மதிப்பெண்ணில் சேராத ஒரு சோதனைப் பகுதி, ஒவ்வொன்றும் 35 நிமிடம். எது சோதனைப் பகுதி என்று தெரியாது, நான்கையும் ஒரே கவனத்தோடு எழுத வேண்டும். தவறான பதிலுக்கு மார்க் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடக் கூடாது. எழுத்துக் கட்டுரை தனியாக நடக்கும். அதை முடிக்காவிட்டால் முதல் முறை எழுதுபவருக்கு ஸ்கோரே வெளிவராது. கட்டுரையை மறந்துவிட்டு, ரிசல்ட் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

பெரும்பாலான ஸ்கூல்களில் விண்ணப்பம் செப்டம்பரில் திறக்கும். வரவரப் படித்து இடம் கொடுத்துக்கொண்டே போவார்கள். கடைசித் தேதி பிப்ரவரி, மார்ச் என்று போட்டிருந்தாலும் அதற்குள் இடமும் ஸ்காலர்ஷிப் பணமும் பாதி போயிருக்கும். நவம்பருக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும் என்றால் டிரான்ஸ்கிரிப்ட் வேலையை ஜூனில் ஆரம்பிக்க வேண்டும்.

நான்காம்மாடி:

அண்ணா, மகன் விஷயத்துக்கு வருகிறேன்.

3.5 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வகுப்பின் நடு ஜிபிஏ 3.3 ஆக இருக்கும் ஸ்கூலில் 3.5 என்றால் நடுவுக்குக் கொஞ்சம் மேலே. நடு 2.8 ஆக இருந்தால் அதே 3.5 முதல் பத்து சதவீதத்துக்குள் வரக்கூடும். டிரான்ஸ்ஃபரில் பார்ப்பது ரேங்க். அதுவும் முதல் செமஸ்டர் மட்டும் போதாது, முழு முதலாண்டும் முடிந்த ரேங்க். எல்சாட் மறுபடி எழுதத் தேவையில்லை. பழைய ஸ்கோர் எல்சாக் அறிக்கையில் போகும், ஆனால் அவன் லா ஸ்கூல் தேர்வில் என்ன செய்திருக்கிறான் என்பது கையில் இருக்கும்போது அதற்குப் பெரிய மதிப்பில்லை.

எந்த ஸ்கூல் உண்மையில் டிரான்ஸ்ஃபர் எடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். ஏபிஏ அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு லா ஸ்கூலும் வருடா வருடம் டிசம்பரில் ஸ்டாண்டர்ட் 509 அறிக்கையைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். அதன் கடைசிப் பக்கங்களில் எத்தனை பேர் மாறி வந்தார்கள், எந்தெந்த ஸ்கூலிலிருந்து வந்தார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று இருக்கும். வந்தவர்கள் அதிகமாக இருந்தால் அவர்களுடைய முதலாண்டு ஜிபிஏவும் இருக்கும். உங்கள் மகனின் ஸ்கூல் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மூன்று வருட அறிக்கைகளில் பாருங்கள். ஜார்ஜ்டவுன் போன்ற இடங்கள் நிறையப் பேரை எடுக்கும். இரண்டு மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளும் ஸ்கூல்களும் உண்டு.

வேண்டிய காகிதங்கள்: முதலாண்டு முழு டிரான்ஸ்கிரிப்ட், ரேங்க் சான்று, இப்போதைய ஸ்கூலின் டீன் அலுவலகமோ பதிவாளரோ தரும் நன்னிலைக் கடிதம் (அங்கே நல்ல நிலையில் படிக்கிறான் என்ற சான்று), எல்சாக் அறிக்கை, லா ஸ்கூல் ஆசிரியரிடமிருந்து ஒன்றிரண்டு பரிந்துரைக் கடிதம், காரணம் சொல்லும் கட்டுரை, ரெஸ்யூமே. இதில் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். நன்னிலைக் கடிதத்தை ஏப்ரலிலேயே வாங்கி வைத்தால், வசந்த செமஸ்டர் மார்க் வந்த பிறகு புதிய தேதியிட்ட கடிதம் கேட்பார்கள், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாவது ரேங்க். மார்க் மே கடைசியிலோ ஜூனிலோ வந்தாலும் ரேங்க் கணக்கிட இன்னும் சில வாரம் ஆகும். விண்ணப்பக் கடைசித் தேதி பெரும்பாலும் ஜூன், ஜூலை. ஆகவே மற்ற எல்லாவற்றையும் மே மாதத்திலேயே சமர்ப்பித்துவிட்டு மார்க்கும் ரேங்கும் மட்டும் பின்னால் வந்து சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டர் மார்க்கை வைத்தே முன்கூட்டி முடிவு சொல்லும் ஸ்கூல்களும் சில உண்டு. அவற்றின் தேதி வசந்தத்திலேயே வந்துவிடும், சில இடங்களில் இடம் கிடைத்தால் அங்கேயே சேர்ந்தாக வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு முதலில் சட்ட எழுத்துப் பாட ஆசிரியரை அணுகச் சொல்லுங்கள். அந்த வகுப்பு சிறியது, வரைவுகளைத் திருத்தியிருப்பார், பையனைப் பெயர் சொல்லித் தெரியும். காண்ட்ராக்ட்ஸ், டார்ட்ஸ் வகுப்பெல்லாம் கூட்டம். விடைத்தாளில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கும். ஏ வாங்கியவன் இவன்தான் என்றுகூட அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் அவர்களுடைய அலுவலக நேரத்தில் போய்ப் பேச ஆரம்பித்தால்தான் மே மாதம் கடிதம் கேட்க முகம் இருக்கும்.

ஸ்காலர்ஷிப் கூட வராது. இப்போதைய ஸ்கூல் கொடுக்கும் பணம் அங்கேயே நின்றுவிடும், புதிய இடத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவருக்குத் திறமை அடிப்படையிலான உதவி மிக அரிது. மீதி இரண்டு வருடத்துக்கும் முழுக் கட்டணம் கட்டும்படி கணக்குப் போட்டுவிட்டு, அதன் பிறகும் மாறுவது சரி என்று தோன்றினால் மாறட்டும். கடன் வாங்கிப் படிப்பதானால் இன்னொன்று. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு கிராட் பிளஸ் (மேற்படிப்புக்கான அமெரிக்க அரசுக் கடன்) கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பழைய விதி சில காலம் தொடரும். ஆனால் அது படிக்கும் இடத்தோடும் படிப்போடும் ஒட்டிய சலுகை. ஸ்கூல் மாறினால் அவனுக்கு எது பொருந்தும் என்பதைப் புதிய ஸ்கூலின் நிதி உதவி அலுவலகத்திடம் எழுத்தில் வாங்காமல் டெபாசிட் கட்ட வேண்டாம்.

மார்க்கும் கூட வராது, கிரெடிட் மட்டும்தான் வரும். புதிய ஸ்கூலில் ஜிபிஏ பூஜ்யத்திலிருந்து தொடங்கும், முதலாண்டுப் பாடங்கள் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும். வழக்கமாக முதலாண்டுக் கிரெடிட் முப்பதை ஒட்டி இருக்கும், பெரும்பாலும் அது முழுதாக ஏறிவிடும். ஆனால் பாடத் திட்டம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதைய ஸ்கூல் அரசியலமைப்புச் சட்டத்தை இரண்டாமாண்டுக்குத் தள்ளியிருந்து, புதிய ஸ்கூலில் அது முதலாண்டுக் கட்டாயப் பாடம் என்றால், இரண்டாமாண்டில் முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். கிளினிக்குக்கு (மாணவர்கள் நிஜ வழக்குகளில் பழகும் வகுப்பு) வைத்திருந்த நேரத்தை அது தின்றுவிடும். இடம் கிடைத்ததும் முதல் வேலை, பாடம் பாடமாகக் கிரெடிட் மதிப்பீட்டை எழுத்தில் கேட்பது.

வேலைவாய்ப்பு பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். பெரிய சட்ட நிறுவனங்கள் இரண்டாமாண்டுக் கோடைக்கு ஆள் எடுப்பது முன்பு ஆகஸ்டில் நடந்தது. இப்போது முதலாண்டு முடிகிற கையோடு மே, ஜூனிலேயே நேரடி விண்ணப்பத்தில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபர் முடிவு வருவதோ ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. புதிய ஸ்கூலின் பெயரைக் காட்டி வேலை வாங்கலாம் என்று காத்திருந்தால் கதவு சாத்தியிருக்கும். இப்போதைய ஸ்கூலின் ரேங்கோடு மே மாதமே நிறுவனங்களுக்கு அனுப்பிவிடட்டும், மாறினால் ஒரு மின்னஞ்சலில் தெரிவித்துக்கொள்ளலாம். அதே போல லா ரிவ்யூ (மாணவர்கள் நடத்தும் சட்ட ஆய்விதழ்). இங்கே இடம் கிடைத்திருந்தாலும் மாறினால் போய்விடும். டிரான்ஸ்ஃபர் மாணவருக்குத் தனி எழுத்துப் போட்டி வைக்கிறார்களா, எந்தத் தேதி என்று கேட்க வேண்டும். இப்போதைய ஸ்கூலின் போட்டியையும் விட வேண்டாம். மாற்றம் நடக்காவிட்டால் அது கை கொடுக்கும்.

வெண்ணிலா_வி:

நான்காம்மாடி சொன்னதோடு விசா விஷயத்தைச் சேர்க்கிறேன். மகன் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் அட்மிஷன் கிடைத்தது மட்டும் போதாது. பழைய ஸ்கூலின் சர்வதேச மாணவர் அலுவலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேடு) பதிவை ஒரு விடுவிப்புத் தேதி போட்டு மாற்ற வேண்டும், அந்தத் தேதிக்குப் பிறகே புதிய ஸ்கூல் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தைத் தர முடியும். கோடையில் எங்காவது சட்ட வேலைக்குப் பழைய ஐ-20-இன் பேரில் அனுமதி வாங்கியிருந்தால் விடுவிப்புத் தேதியோடு அந்த அனுமதி முடிந்துவிடும். வேலை முடியும் நாளைப் பார்த்துத் தேதி போடச் சொல்ல வேண்டும்.

ஏட்டுச்சுவடி, ஜிஆர்ஈ (மேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு) பற்றி யாராவது கேட்பதற்கு முன்னால் ஒரு வரி. பல ஸ்கூல்கள் எல்சாட்டுக்குப் பதில் ஜிஆர்ஈயை ஏற்கின்றன. ஆனால் எல்சாட் எழுதிவிட்டால் அது அறிக்கையில் தானாகப் போகும், ஜிஆர்ஈயைக் காட்டி அதை மறைக்க முடியாது. எல்சாட்டுக்கு வரம்பும் உண்டு: ஸ்கோர் செல்லுபடியாகும் ஐந்தாண்டுக் காலத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை. "சும்மா ஒரு முறை எழுதிப் பார்க்கலாம்" என்று ஒரு வாய்ப்பைச் செலவழிக்க வேண்டாம்.

தென்னந்தோப்பு:

மிக்க நன்றி. இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. மகனின் கட்டுரையில் என்ன எழுத வேண்டும்? "உங்கள் ஸ்கூலின் உயர்ந்த தரவரிசையும் புகழ்பெற்ற ஆசிரியர்களும் என்னை ஈர்த்தன" என்று தொடங்கியிருக்கிறான்.

நான்காம்மாடி:

அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள் அண்ணா. ஸ்கூல் பெயரை மாற்றி வேறு இருபது இடத்துக்கும் அதையே அனுப்பலாம், படிப்பவருக்கு அது உடனே தெரியும். இப்படிப் பாருங்கள்: "வரிச் சட்டத்தில் பணிபுரிய விரும்புகிறேன். இப்போதைய ஸ்கூலில் வருமான வரி ஒரு பாடத்தோடு முடிகிறது. உங்களிடம் கூட்டாண்மை வரி, சர்வதேச வரி இரண்டும் இருக்கின்றன. குறைந்த வருமானக்காரர்களுக்கான வரி கிளினிக்கில் இரண்டாமாண்டிலேயே சேர முடியும்." நான்கு வாக்கியம்தான், ஆனால் ஏன் மாறுகிறான், ஏன் அங்கே, அங்கே போய் என்ன செய்வான் மூன்றும் வந்துவிட்டன. அந்தப் பாடங்கள் வரும் வருடம் நடக்கின்றனவா, டிரான்ஸ்ஃபர் மாணவருக்குக் கிளினிக்கில் இடம் உண்டா என்று சரிபார்த்துவிட்டு எழுதட்டும். இரண்டு பக்கம் போதும். இப்போதைய ஸ்கூலைப் பற்றிக் குறை ஒரு சொல்கூட வேண்டாம். "அங்கே அந்தப் பாடம் இல்லை" என்பது தகவல், "அங்கே கற்பித்தல் சரியில்லை" என்பது குறை.

பாலைக்காற்று:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். முதல் செமஸ்டர் பாதியில் உடல்நிலை காரணமாக லா ஸ்கூலிலிருந்து விலகியவர் இப்போது வேறு ஸ்கூலுக்குப் புதிய மாணவராக விண்ணப்பிப்பதா, டிரான்ஸ்ஃபராகவா? கிரெடிட் எதுவும் இல்லை என்பதால் பழைய ஸ்கூலைச் சொல்லாமல் விடலாம் என்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி:

சொல்லாமல் விடவே கூடாது. யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதற்கு முன் எந்த லா ஸ்கூலிலாவது சேர்ந்தீர்களா என்று விண்ணப்பத்தில் நேராகவே கேட்பார்கள். சேர்ந்து ஒரு வாரத்தில் விலகியிருந்தாலும் பதில் "ஆம்"தான். அதை மறைத்துப் படித்து முடித்தாலும், பார் அனுமதிக்கு (வழக்கறிஞர் உரிமம்) விண்ணப்பிக்கும்போது நடத்தைச் சரிபார்ப்புக் குழு லா ஸ்கூல் விண்ணப்பத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கும். விலகியது அவர்களுக்குப் பெரிதல்ல. மறைத்ததுதான் பெரிது. மூன்று வருடப் படிப்பும் கடனும் அந்த ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்ளும். போலீஸ் வழக்கு, கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக் கேள்விகளுக்கும் இதே விதிதான். ஒரு ஸ்கூல் "தண்டனை பெற்றீர்களா" என்று கேட்கும், இன்னொன்று "குற்றம் சாட்டப்பட்டீர்களா" என்று கேட்கும். வார்த்தையைக் கவனித்துப் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பித்த பிறகு ஏதாவது நடந்தாலும் தெரிவிக்கும் கடமை உண்டு.

கிரெடிட் இல்லாததால் புதிய மாணவராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் என்பது பெரும்பாலும் முழு முதலாண்டு முடித்தவர்களுக்கு. கூடுதலாக வேண்டியவை இரண்டு: பழைய ஸ்கூலிலிருந்து டிரான்ஸ்கிரிப்டும், விலகும்போது நல்ல நிலையில் இருந்தார் என்ற கடிதமும். அங்கே கட்டணப் பாக்கி இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். இதோடு அரைப் பக்கத்துக்கு மேல் போகாத ஒரு விளக்கக் குறிப்பு. அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் ஒரு வரி, இப்போது முழுநேரம் படிக்க என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி. மருத்துவ விவரம் நீட்ட வேண்டாம். தனிப்பட்ட கட்டுரையில் இதைக் கலக்கவும் வேண்டாம். அது வேறு விஷயம் பேசும் இடம்.

வெண்ணிலா_வி:

மார்க் குறைந்ததால் வெளியேற்றப்பட்டவருக்கு வழி வேறு. ஏபிஏ ஸ்டாண்டர்ட் 501-படி, அப்படிப் போனவரை எடுக்கும் ஸ்கூல், அவரால் இப்போது படிக்க முடியும் என்பதற்கான ஆதாரத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதனால் பல ஸ்கூல்கள் ஒன்றிரண்டு வருட இடைவெளி கேட்கும், பழைய டீனின் கடிதமும் கேட்கும். பாலைக்காற்று, நீங்கள் சொன்னவர் உடல்நிலையால்தான் விலகினார் என்றால் டிரான்ஸ்கிரிப்டில் விலகல் குறி இருக்கிறதா, தோல்வி மார்க் விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விலகுவதற்கான கடைசி நாளுக்குப் பிறகு விலகியிருந்தால் சில இடங்களில் எஃப் ஏறியிருக்கும். மருத்துவச் சான்று காட்டினால் அதை விலகலாக மாற்ற மனுக் கொடுக்கலாம். அந்த முடிவு வந்த பிறகு டிரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:

உறை விஷயத்தில் ஒரு சந்தேகம். கூரியரில் அக்கா மகளே அனுப்பலாமா?

ஏட்டுச்சுவடி:

வேண்டாம் சார். அனுப்புநர் முகவரி பல்கலைக்கழகத்துடையதாக இருக்க வேண்டும். கூரியர் பணத்தை அவள் கட்டி, எடுத்துப்போகும் ஆளை அலுவலகத்துக்கே வரவழைக்கலாம். கண்காணிப்பு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். போய்ச் சேர்ந்த பிறகும் எல்சாக் கணக்கில் ஏற இரண்டு வாரம் வரை ஆகலாம். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் அந்த எண்ணோடு எல்சாக்குக்கு எழுதலாம்.